வாழைநார்ப் பந்தல்

ஏப்ரல் 24, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் விதைக்கடைக்காரன் சும்மா கொடுத்தது. இத்தனை நாளும் பரணில் கிடந்தது. முன் அட்டையில் ஒரு பூச்சிமருந்து பாட்டிலின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் நாலு மாதமும் ஏறக்குறைய வெறும் பக்கங்கள். அவை அப்படியே இருக்கட்டும்.

ரயில்வே கேட்டில் வேலை பார்த்த காலத்தில் வண்டி வந்தது, போனது எல்லாம் எழுதி வைப்பேன். ரிட்டயர் ஆன பிறகு பேனாவைத் தொட்டதில்லை. இப்போது யாரிடமும் சொல்ல முடியாதவற்றை எங்கேயாவது சொல்ல வேண்டியிருக்கிறது. பேப்பர் திருப்பிக் கேள்வி கேட்காது.

இன்று பாவூர்சத்திரம் போய் விதை வாங்கினேன். வெண்டை, சீனியவரை, தண்டங்கீரை, புடலை, பீர்க்கு. கடைக்காரன் சிரித்தான். "அண்ணாச்சி, தையில வந்திருந்தியள்னா இன்னேரம் காய் பறிச்சிருப்பீய. சித்திரை வெயில்ல வெதச்சு என்னத்தக் காணப் போறீய?"

"எனக்கு இப்பத்தாம்டே நேரம் கெடச்சுது" என்றேன். தையில் நான் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தேன் என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

கடைக்குள் நிற்க முடியவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பாட்டில்கள். அந்த வாடை. என் மகள் உலகேஸ்வரியின் வயிற்றைக் கழுவிய அன்று, அவள் சேலையைச் சுருட்டி நர்ஸ் என் கையில் கொடுத்தாளே, அந்தச் சேலையில் இருந்த அதே வாடை. ரோட்டில் இறங்கி நின்றுகொண்டு, அங்கிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.

தோட்டம் போடுவது டாக்டரம்மா கொடுத்த யோசனை. "காலையில எழுந்திரிச்சுப் போய்ப் பார்க்கிற மாதிரி அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்" என்றார். கோழி வாங்கலாமா என்று முதலில் நினைத்தேன். அந்தக் கோழி செத்துப்போனால்? செடி என்றால் ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.

உலகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஊரில் மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தெய்வானை அதை நம்பி, தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து நிற்கிறாள். உலகு ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக் குடிக்கிறாள். இல்லாத நோய்க்கு இப்படி ஒரு வைத்தியம் நடக்கிறது இந்த வீட்டில்.

ஏப்ரல் 25, செவ்வாய்

கிணற்றின் மேல் கம்பிவலை அடித்தேன். கேட்டவர்களிடம் புறா விழுகிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 27, வியாழன்

புறவாசல் மண் பாறையாக இறுகிக் கிடக்கிறது. நேற்றே தண்ணீர் விட்டு ஊறப்போட்டதால் இன்று மண்வெட்டி கொஞ்சம் இறங்கியது. காலையிலேயே வேர்வையில் வேட்டி நனைந்துவிட்டது. உலகு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பது என்னையா, என் தலைக்கு மேலேயா என்று சொல்ல முடியாது.

தெய்வானையின் புருஷன் சமுத்திரப்பாண்டி சுவருக்கு மேலே தலையை நீட்டினான். நல்ல சம்சாரி, தக்காளியும் மிளகாயும் போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவன். வாய் மட்டும் நீளம். "என்ன அண்ணாச்சி, அக்கினி நட்சத்திரம் பொறக்கப் போவுது. ஊர்ல எல்லாரும் தோட்டத்த அழிக்கான், நீங்க ஆரம்பிக்கீய?"

"நீ வெயிலுக்குப் பயந்தா உள்ள போய்ப் படுடே" என்றேன்.

"செடி பயப்படுமே அண்ணாச்சி!"

மண்வெட்டியைக் கையிலிருந்து கீழே வைக்கவேயில்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போதும் தோளில் போட்டுக்கொண்டுதான் போனேன். சமுத்திரம் அதற்கும் சிரித்தான்.

மண்ணை வரிசையாக மேடு கட்டிப் பார் பிடித்து முடிந்ததும், ஊறவைத்த வெண்டை விதையைக் கிண்ணத்தோடு உலகு பக்கத்தில் வைத்தேன். கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்தாள்.

"ஒரு குழிக்கு எத்தன?" என்றாள். இந்த வாரத்தில் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி.

"ரெண்டு ரெண்டாப் போடு தாயி."

"ரெண்டும் மொளச்சா?"

"வலுவானத வச்சுக்கிட்டு மத்தத புடுங்கிப் போட்டுரலாம்."

சொன்ன பிறகுதான் என் வாயை நான் அறைந்துகொள்ளலாமா என்று இருந்தது. எட்டு மாதம் சுமந்து, கார்த்திகையில் மூச்சில்லாமல் பெற்றெடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அவள் இரண்டு இரண்டாகப் போட்டு மண்ணை மூடினாள். ஒவ்வொரு குழியையும் உள்ளங்கையால் அமுக்கிவிட்டாள். நான் மதியம் சாப்பிடவில்லை.

மே 1, திங்கள்

குளியலறைத் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது என்று கழற்றினேன். துருப்பிடிக்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

அவள் அறைக்கு வெளியே என் கட்டிலைக் குறுக்காகப் போட்டிருக்கிறேன். இந்தப் பக்கம்தான் காற்று வருகிறது என்று சொன்னேன். கேட்கீப்பர் வேலையில் கண் மூடாமல் இருந்து பழகிய உடம்பு, அதனால் பரவாயில்லை. அப்போதெல்லாம் வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியும். இப்போது அதுதான் தெரியவில்லை.

பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

மே 4, வியாழன்

அக்கினி நட்சத்திரம் இன்று பிறந்தது. வெண்டை முளைத்திருக்கிறது. கீரையும் பச்சைத்தூள் தூவிய மாதிரி தெரிகிறது. விடிகாலையில் நான் கண்ணயர்ந்த நேரத்தில் கட்டிலைத் தாண்டிப் போய் உலகு அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அறையில் அவளைக் காணாமல் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன் போலிருக்கிறது, சமுத்திரம் வீட்டு நாய் குரைத்தது.

"ஏன்ப்பா கத்துதீய? மொளச்சிருக்கு" என்றாள்.

தென்னங்கீற்றைக் கிடுகு மாதிரி பின்னி நிழலுக்குச் சாய்த்து வைத்தோம். காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். கிணற்றில் நான்தான் இறைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 8, திங்கள்

புடலையும் பீர்க்கும் கொடி வீசப் பார்க்கின்றன. பந்தல் போட்டேன். வேலிக்கம்பு வெட்டி நட்டு, மேலே குறுக்குக் கம்பு வைத்து, வாழைநாரால் கட்டினேன். சமுத்திரம் நைலான் கயிறு ஒரு சுருள் கொண்டுவந்தான். வேண்டாம் என்றேன்.

"வாழநாரா? அண்ணாச்சி, பூ கட்டுதீயளா, பந்தல் கட்டுதீயளா? ஆனிக் காத்து ஒரு தள்ளு தள்ளுச்சுன்னா எல்லாம் தரையில கெடக்கும்."

"கயிறு கொடிய அறுக்கும்டே. நாருதான் செடிக்கு இதம்."

அவன் சம்சாரி, நான் கேட் சாத்தித் திறந்தவன். என்னிடம் விவசாயம் படிக்கிற கதி அவனுக்கு வந்திருக்கக் கூடாது. தலையைச் சொறிந்துகொண்டு கயிற்றோடு திரும்பிப் போனான். அவன் சுவர் தாண்டிப் போகும் வரைக்கும் அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாழைநாரை முறுக்கி இழுத்தால் அறுந்துவிடும். ஒரு ஆள் கனம் தாங்காது. நேற்றே இழுத்துப் பார்த்துவிட்டேன்.

உலகு நார் கிழித்துக் கொடுத்தாள். நார் ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மே 12, வெள்ளி

திருநெல்வேலிக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில் உலகுவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அவளிடம் வெகு நேரம் பேசிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நீங்க தூங்குறீங்களா?"

"நல்லாத் தூங்குதேன்மா."

என் கண்ணைப் பார்த்துவிட்டு அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. "வீட்ல அவங்ககிட்ட இதைப் பத்திப் பேசுறீங்களா?"

"எதப் பத்தி?"

"அந்த எண்ணம் இன்னும் வருதான்னு. நேரடியா, வாயைத் திறந்து கேட்கணும்யா."

"கேட்டா ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிராதா?"

"அவங்க மறந்திருந்தாத்தானே ஞாபகப்படுத்துறதுக்கு? நீங்க கேட்கலைன்னா, சொல்லக் கூடாத விஷயம்னு அவங்க நினைச்சுக்குவாங்க. தனியா வச்சுக்குவாங்க."

பெரிய படிப்பு படித்தவர், சரியாகத்தான் சொல்லியிருப்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்கலாம் என்று நினைத்தேன். ஆலங்குளம் தாண்டட்டும் என்று நினைத்தேன். அப்புறம் ஊர் வந்துவிட்டது.

வந்து பார்க்கட்டுமா என்று உலகுவின் புருஷன், என் மாப்பிள்ளை, ஃபோன் செய்தார். "இப்ப வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்தப் பையன் ஃபோனிலேயே அழுதான்.

மே 15, திங்கள்

கேட்கவில்லை.

மே 18, வியாழன்

வெண்டையில் பெரும்பாலான குழிகளில் இரண்டும் முளைத்து நெருக்கிக்கொண்டு நின்றன. கலைத்துவிடாவிட்டால் இரண்டும் உருப்படாது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று போனேன். எல்லாக் குழியிலும் ஒவ்வொன்றுதான் நின்றது.

விடிகாலையிலேயே இரண்டாவதை எல்லாம் வேரோடு, மண் உதிராமல் தோண்டி எடுத்து, சுவர் ஓரமாகத் தனி வரிசையில் நட்டு வைத்திருக்கிறாள். வெண்டையைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது, அதுவும் இந்த வெயிலில். சொல்லலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்குள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. உலகு அவற்றின் பக்கத்தில் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். "உள்ள வா தாயி" என்றால் வரவில்லை. நான் குடையை எடுத்துப்போய் அவள் தலைக்குப் பிடித்தேன். "எனக்கு வேண்டாம், அதுக்குப் பிடிங்க" என்றாள். வெண்டைச் செடிக்குக் குடை பிடித்த மனிதன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். சமுத்திரம் பார்க்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

இன்று முழுவதும் எனக்கு இருந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. இந்தச் செடியெல்லாம் செத்தால் அவள் என்ன நினைப்பாள்? தோட்டம் போட்டே இருக்கக் கூடாதோ? டாக்டரம்மாவுக்கு வெண்டையைப் பற்றி என்ன தெரியும்?

சாயங்காலம் மூன்று செடி தலையைத் தூக்கியது. மற்றவை போய்விட்டன. அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் கூட அழாதவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

மே 22, திங்கள்

செடியில் அசுவினிப் பூச்சி விழுந்துவிட்டது. சீனியவரைக் குருத்தெல்லாம் கறுப்புக் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கிறது. சாம்பல் தூவினோம். வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்துத் தெளித்தோம். பூண்டும் மிளகாயும் அரைத்துத் தெளித்ததில் என் கண்தான் எரிந்தது, அசுவினி சுகமாக இருக்கிறது.

சமுத்திரம் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான். "இதென்ன அண்ணாச்சி, அசுவினிக்குக் கொழம்பு வைக்கீயளா? ஒரு மூடி மருந்து அடிச்சா முடிஞ்சு போச்சு. நான் தாரேன்."

"இந்த வீட்டுக்குள்ள மருந்து வரக்கூடாது!"

என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் முகம் சுண்டிவிட்டது. "சரி அண்ணாச்சி, நீங்க இயற்கை விவசாயம்னு முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா" என்று முனகிக்கொண்டே போனான். மஞ்சள்காமாலை என்று நான் சொன்னதைத்தானே அவன் நம்பியிருக்கிறான். அவன்மேல் என்ன தப்பு?

உலகு கையில் சாம்பலோடு நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய நேரம் அதுதான். சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

மே 26, வெள்ளி

இன்று நடந்ததை முறையாக எழுத முயல்கிறேன்.

உலகுவின் மாத்திரை தீர்ந்துவிட்டது. உள்ளூரில் கிடைக்காது, தென்காசிக்குத்தான் போக வேண்டும். அவளைத் தனியே விட்டுப் போவதில்லை என்பதால் தெய்வானையை வந்து உட்காரச் சொன்னேன். "போய்ட்டு வாங்க அண்ணாச்சி, நான் அசைய மாட்டேன்" என்றாள். மாத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

ஊரில் இறங்கினால் டீக்கடை பெஞ்சில் சமுத்திரம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான், சிரித்த முகமாக. நான் கோபப்பட்டதை மனசில் வைத்துக்கொள்ளாத நல்லவன்.

"அண்ணாச்சி, ஒங்க கொள்கையெல்லாம் சரிதான். ஆனா பிள்ள அவ்வளவு பாடுபட்டு வளத்த செடி, பாக்கப் பொறுக்கல. நம்ம தோட்டத்துக்கு அடிச்சது போவ மருந்து கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு. தண்ணி பாட்டில்ல ஊத்தி உலகு கையில குடுத்திருக்கேன். சாயந்தரம் வெயில் தாழ அடிச்சிருங்க."

"தெய்வானை எங்கடே?"

"ஆட்டுக்குட்டி ஒண்ணக் காணும்னு தேடிப் போயிருக்கா."

ஓடினேன். ஒரு தடவை, வண்டி வருகிற நேரத்தில் தண்டவாளத்தில் மாட்டுவண்டி ஒன்று சிக்கிக்கொண்டது. அன்று சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அப்போது வாலிபம். இன்று கால் ஓடவில்லை, மனசுதான் முன்னால் ஓடியது. ஒரு செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. வழியில் யாரோ என்ன அண்ணாச்சி என்று கேட்டார்கள். வாசல் கதவு சாத்தியிருந்தது. உலகு, உலகு என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் எல்லா அறையையும் பார்த்தேன். புறவாசல் கதவைத் தள்ளினேன்.

துணி துவைக்கிற கல்லின் மேல் அந்தப் பாட்டில் இருந்தது. மூடி போட்டபடி, நிறைந்தபடி. அதற்கு எதிரே, சுவர் ஓரத்தில், எட்டினாலும் கை படாத தூரத்தில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இத எங்கயாவது கொண்டு போயிருங்க" என்றாள். "நான் தொடாம இருக்கேன்."

நான் பாட்டிலை எடுத்துத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் விழுந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது.

"எவ்வளவு நேரமா இப்பிடி இருக்க?"

"சமுத்திரம் சித்தப்பா குடுத்துட்டுப் போனதுல இருந்து. அவிய கையில திணிச்சிட்டாவ. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. இங்க வச்சுட்டு ஒக்காந்துட்டேன்."

அப்போதுதான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. "இன்னும் அந்த நெனப்பு வருதா தாயி?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் கழித்து என் முகத்தைப் பார்த்தாள்.

"வருதுப்பா. தெனமும் இல்ல."

"இன்னைக்கி?"

"இன்னைக்கி வந்துச்சு. அதான் எந்திரிக்கல. எந்திரிச்சா என்ன செய்வேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. ஒங்க பஸ்ஸு சத்தத்துக்குக் காத்துக்கிட்டே இருந்தேன்."

எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேன். இந்த வீட்டில் என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டு இன்னொரு ஆள் இருந்திருக்கிறாள், கதவுக்கு அந்தப் பக்கம். நான் கட்டிலைக் குறுக்கே போட்டுப் படுத்திருந்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு, "சமுத்திரத்துட்ட நெசத்தச் சொல்லிரட்டுமா?" என்று கேட்டேன். "ஒனக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம்."

கொஞ்சம் யோசித்தாள். "சொல்லுங்க. அந்தக் கீழாநெல்லிய என்னால இனிமே குடிக்க முடியாது."

மே 27, சனி

நேற்றே இரண்டு பேருமாகச் சமுத்திரம் வீட்டுக்குப் போனோம். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, காமாலை இல்லை, இதுதான் நடந்தது என்று சொன்னேன். சமுத்திரப்பாண்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். தெய்வானை உலகுவைக் கட்டிக்கொண்டு என்னைத்தான் ஏசினாள்.

"காமாலன்னு சொல்லி என்ன ஏமாத்திட்டீயளே அண்ணாச்சி! வரப்பு வரப்பா அலைஞ்சு கீழாநெல்லி பறிச்சேனே. தெரிஞ்சிருந்தா ஆடாவது குட்டியாவதுன்னு கெடந்திருப்பேனே. அந்த மனுசன் கையில இருந்து அந்தப் பாட்டில நானே பிடுங்கி எறிஞ்சிருப்பேனே."

அவள் ஏசியது எனக்குச் சுகமாக இருந்தது. ஊருக்கு ஒளித்ததில் என் மகளைக் காப்பாற்றவேண்டிய ஆட்களுக்கும் சேர்த்தே ஒளித்து வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்து நேற்று நடந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமையே கூட்டி வரச் சொன்னார். "கேட்டீங்கல்ல, நல்லது செஞ்சீங்க" என்றார். நல்லது செய்தவன் மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

சமுத்திரம் தன் வீட்டு மருந்தையெல்லாம் வயலில் இருக்கும் மோட்டார் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான் என்று தெய்வானை வந்து சொன்னாள்.

ஜூன் 2, வெள்ளி

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய் வந்தேன். அந்த நினைப்பு வருதா என்று இன்றும் கேட்டேன். "இல்லப்பா" என்றாள். நேற்றுக் கேட்டதற்கு "கொஞ்சம்" என்றாள், அப்புறம் வெகு நேரம் பிள்ளையைப் பற்றிப் பேசினாள். அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாளாம். எனக்குச் சொன்னாள். இங்கே எழுதவில்லை.

தண்டங்கீரை முதல் பறிப்பு. அசுவினி பாதி சீனியவரையைத் தின்றுவிட்டது, மீதி பூ வைத்திருக்கிறது.

கேட்கிறேன், அவள் சொல்கிறாள், ஆனால் பயம் போகவில்லை. முன்னே இருட்டில் பயந்தேன், இப்போது விளக்கைப் போட்டுக்கொண்டு பயப்படுகிறேன்.

ஜூன் 9, வெள்ளி

குற்றாலத்துப் பக்கம் சாரல் இறங்கிவிட்டது. ஆனி பிறக்கும் முன்பே காற்று வந்துவிட்டது. காலையில் பார்த்தால் பந்தல் மொத்தமும் தரையில். வாழைநார் எல்லாம் இற்றுப்போய், புடலைக் கொடி கம்புகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

உலகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நாரு நிக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும், நீங்க எதுக்கு நார்ல கட்டுனீயன்னு." கம்பை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டே சொன்னாள். "கெணத்துல புறா விழுதுன்னீய. நம்ம தெருவுல எங்கப்பா புறா இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரித்து முடிக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர்.

சத்தம் கேட்டு சமுத்திரம் வந்தான். வழக்கம்போலச் சுவரைத் தாண்டி வராமல் வாசல் வழியாக வந்து, நடையிலேயே நின்றுவிட்டான். நைலான் கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் உலகுவைப் பார்த்தேன்.

"குடுங்க சித்தப்பா" என்றாள். "மூணு பேரும் சேந்து கட்டுவோம். கட்டி முடிஞ்சதும் மிச்சத்த நீங்களே கொண்டு போயிருங்க."

மதியத்துக்குள் கட்டி முடித்தோம். புடலையில் பாதிக் கொடி தேறும் என்று சமுத்திரம் சொல்கிறான். போகும்போது மிச்சக் கயிற்றைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு, கீழே ஒரு துண்டு கிடக்கிறதா என்று தரையெல்லாம் தேடிவிட்டுத்தான் போனான்.

ஜூன் 14, புதன்

இன்று காலையில் பாத்திக்குத் தண்ணீர் விடும்போது எனக்குத் தலை சுற்றிவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். உலகு ஓடிவந்து தாங்கினாள். நிழலுக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டாள்.

"கடைசியா எப்பப்பா நல்லாத் தூங்குனீய?"

"நேத்துக் கூடத் தூங்குனேன்லா."

"அப்பா, நீங்க கேட்டீய, நான் நெசத்தச் சொன்னேன். இப்ப நான் கேக்கேன்."

அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. "நீ ஆஸ்பத்திரியில கெடந்ததுல இருந்து ஒழுங்காத் தூங்கல தாயி. கண்ண மூடுனா, முழிக்கும்போது நீ இருக்க மாட்டியோன்னு பயமா இருக்கு."

சொல்லிவிட்டேன். அவள் என் கட்டிலை இழுத்து வந்து வேப்பமரத்தடியில், பாத்திகளைப் பார்த்த மாதிரி போட்டாள். தலையணையைத் தட்டி வைத்தாள்.

"படுங்க. நான் இங்கதான் இருப்பேன். அந்த நெனப்பு வந்துச்சுன்னா ஒங்கள எழுப்புதேன்."

"எழுப்புவியா?"

"எழுப்புதேன்ப்பா."

"நெசமா?"

"படுங்கன்னா படுங்க."

படுத்தேன். தூங்கக் கூடாது, சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அவள் களை பிடுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்கவில்லை.

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் உலகுவின் முகம், என் முகத்துக்கு மேலே. அவள் எழுப்புகிறாள். எழுப்புவேன் என்று எதற்குச் சொன்னாளோ அது ஞாபகம் வந்ததும் துள்ளி எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"வந்துருச்சா தாயி? வந்துருச்சா?"

"இல்லப்பா" என்றாள். "சோறு ஆறுது."